தாக்குதலா, படையெடுப்பா, முற்றுகையா? போர்ச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ச் செய்தி எழுதுகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள், வரலாற்றுக் கட்டுரைக்குத் தலைப்பு வைக்கத் திணறுகிறவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். செய்திப் பிரதி திருத்துவது என் வேலை, அதனால் பதில்களில் அந்த வாடை கொஞ்சம் அடிக்கும். என் கட்சி ஒன்றுதான்: யார் செய்தார்கள் என்று பார்த்துச் சொல்லை எடுக்கக் கூடாது, என்ன நடந்தது என்று பார்த்து எடுக்க வேண்டும்.

தாக்குதல், மோதல், சண்டை, போர்: என்ன வித்தியாசம்?

தாக்குதல் ஒரு தரப்பு செய்வது. மோதலிலும் சண்டையிலும் இரு தரப்புக்கும் பங்கு உண்டு. இவையெல்லாம் சேர்ந்து நீண்டு ஓடினால் போர்.

தவறு அதிகம் நடப்பது 'மோதல்' என்ற சொல்லில்தான். முதலில் சுட்டது யார் என்று தெரியவில்லை, இரு பக்கமும் மாற்றி மாற்றிக் குற்றம் சாட்டுகிறார்கள் என்றால் 'எல்லையில் மோதல்' என்று எழுதுவது நியாயம். ஆனால் விடியற்காலையில் முகாமில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது குண்டு விழுந்திருக்கும். அதையும் 'மோதலில் பலர் பலி' என்று எழுதினால், தூங்கியவனும் எழுந்து வந்து சண்டை போட்ட கணக்காகிவிடும்.

படையெடுப்பு, ஊடுருவல், ஆக்கிரமிப்பு: எதை எங்கே போடுவது?

ஒரு நாட்டின் படை எல்லையைத் தாண்டி, நிலத்தைப் பிடிக்கவோ ஆட்சியை மாற்றவோ உள்ளே போனால் படையெடுப்பு. 1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி போலந்துக்குள் போனதும், 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் போனதும் படையெடுப்பு. விமானங்கள் போய்க் குண்டு போட்டுவிட்டுத் திரும்பி வந்தால், எத்தனை நூறு விமானம் போயிருந்தாலும் அது படையெடுப்பு ஆகாது.

ஊடுருவல் ஓசைப்படாமல் நுழைவது. 1999-ல் கார்கிலில், குளிர்காலத்தில் காலியாக விடப்பட்டிருந்த மலையுச்சிக் காவல் நிலைகளில் பாகிஸ்தான் தரப்பினர் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். துப்பாக்கிச் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது. அங்கே 'ஊடுருவல்' கச்சிதமாகப் பொருந்துகிறது. டாங்கிகள் வரிசைகட்டி எல்லை தாண்டுவதை ஊடுருவல் என்றால் சிரிப்புதான் வரும்.

'ஆக்கிரமிப்பு' கொஞ்சம் வில்லங்கமான சொல். அநியாயமாகப் போர் தொடுப்பதும் ஆக்கிரமிப்பு, பிடித்த நிலத்தை விடாமல் வைத்திருப்பதும் ஆக்கிரமிப்பு. சட்டத்தில் இரண்டும் வேறு வேறு. முதல் பொருளுக்கு ஐ.நா. பொதுச்சபை 1974-ல் ஒரு வரையறையே தந்தது (தீர்மானம் 3314). படையெடுப்பு, குண்டுவீச்சு, துறைமுகங்களை மறிப்பது, ஆயுதக் குழுக்களை அனுப்பிவைப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே முதல் பொருளில் எழுதும்போது 'ஆக்கிரமிப்புப் போர்' என்றும், இரண்டாவதற்கு 'ஆக்கிரமிப்பில் உள்ள பகுதி' என்றும் விரித்து எழுதிவிட்டால் குழப்பம் இல்லை.

குண்டுவீச்சு, குண்டுவெடிப்பு, பீரங்கித் தாக்குதல், எறிகணை வீச்சு: எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. பிரதிகளில் நான் அதிகம் திருத்துவது இதைத்தான்.

சிக்கல் 'குண்டு' என்ற சொல்லில் இருக்கிறது. துப்பாக்கியிலிருந்து வருவதும் குண்டு, பீரங்கியிலிருந்து வருவதும் குண்டு, விமானத்திலிருந்து விழுவதும் குண்டு, பையில் வைத்துவிட்டுப் போவதும் குண்டு. அதனால் பாரம் முழுக்க வினைச்சொல்லின் தலையில் விழுகிறது. துப்பாக்கிக் குண்டு பாயும், துளைக்கும். பீரங்கிக் குண்டைச் சுடுவார்கள். விமானக் குண்டை வீசுவார்கள், போடுவார்கள். வைத்த குண்டு வெடிக்கும். வினை தவறினால் படமே மாறிவிடும். 'சந்தையில் குண்டுவெடிப்பு' என்று படித்தவர், யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பார். அது வானிலிருந்து போட்ட குண்டாக இருந்தால், போட்டவர் நம் வாக்கியத்திலிருந்து தப்பிவிட்டார்.

ஓர் உதாரணத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். 'முதல் உலகப் போரில் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு வீசியது' என்பது பள்ளிக்காலம் முதல் நாம் கேட்டுவரும் வாக்கியம். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் கரைக்கு அருகே வந்து, தன் பீரங்கிகளால் சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. யாரும் எதையும் மேலிருந்து போடவில்லை. ஆக அது கடலிலிருந்து நடந்த பீரங்கித் தாக்குதல். 'வீசியது' என்று எழுதினால் இன்றைய வாசகர் விமானத்தைத் தேடுவார். 1943-ல் ஜப்பானிய விமானம் ஒன்று அதே நகரில் போட்டுவிட்டுப் போனதுதான் குண்டுவீச்சு. (பலே கில்லாடியை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கமும் அந்தக் கப்பல் கொடுத்ததே. கப்பலைப் பெயர்ச்சொல்லாக ஏற்றுக்கொண்ட மொழி, வினையில் மட்டும் கோட்டை விட்டது.)

எறிகணை என்பது பீரங்கியோ மோட்டாரோ (குட்டைக் குழாய்ப் பீரங்கி) எறியும் குண்டு. இலங்கைத் தமிழில் வேரூன்றிய நல்ல சொல். தமிழ்நாட்டு வாசகருக்கும் இப்போது புரிகிறது, தயங்காமல் போடலாம். மோட்டார் என்று எழுதும்போது மட்டும் கவனம்: தண்ணீர் இறைக்கும் மோட்டார் நினைவுக்கு வராமல் இருக்க 'மோட்டார் எறிகணை' என்று சேர்த்தே எழுதுங்கள்.

'குண்டுமழை', 'சரமாரி' இரண்டும் தலைப்புக்கு அழகு. செய்திக்குள் எத்தனை, எவ்வளவு நேரம் என்று தெரிந்தால் அதை எழுதுங்கள், மழையை விட்டுவிடலாம்.

ராக்கெட்டும் ஏவுகணையும் ஒன்றா? ட்ரோனை எப்படிச் சொல்வது?

பொதுவாக, ஏவிய பிறகு வழிகாட்ட ஏதும் இல்லாதது ராக்கெட், இலக்கை நோக்கித் தன் பாதையைத் திருத்திக்கொண்டு போவது ஏவுகணை. இப்போது வழிகாட்டி பொருத்திய ராக்கெட்டுகளும் வந்துவிட்டதால் கோடு மங்கிவருகிறது. படைத்தரப்பு என்ன பெயர் சொல்கிறதோ அதைப் பின்பற்றுவது பாதுகாப்பு. 'ட்ரோன்' எல்லோருக்கும் புரியும். 'ஆளில்லா விமானம்' பெரியவற்றுக்குப் பொருந்தும், கையில் அடங்குகிற நான்கு விசிறிக் கருவியை விமானம் என்பது ஒட்டவில்லை. முக்கியம் வேறு: அந்த ட்ரோன் குண்டைப் போட்டுவிட்டுத் திரும்பியதா, தானே போய் மோதி வெடித்ததா? அதை வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

முற்றுகை, சுற்றிவளைப்பு, கடல் மறிப்பு, பொருளாதாரத் தடை?

முற்றுகை என்றால் ஓர் ஊரையோ கோட்டையையோ சூழ்ந்துகொண்டு, உள்ளே எதுவும் போகாமலும் வெளியே யாரும் வராமலும் செய்து பணியவைப்பது. அதில் காலம்தான் ஆயுதம். லெனின்கிராடு முற்றுகை 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை நீடித்தது. அங்கே குண்டுக்குச் செத்தவர்களைவிடப் பட்டினியால் செத்தவர்களே மிக அதிகம். இப்படிப் பொதுமக்களைப் பட்டினி போட்டுப் பணியவைப்பதை 1977-ன் ஜெனீவா கூடுதல் நெறிமுறை (போரில் எது கூடாது என்று வகுக்கும் சர்வதேச ஒப்பந்தம்) வெளிப்படையாகத் தடை செய்தது.

சுற்றிவளைப்பு எதிரிப் படையைச் சூழ்வது. 1942 நவம்பரில் ஸ்டாலின்கிராடில் ஜெர்மனியின் ஆறாவது படைக்கு நடந்தது அதுதான். இலங்கைத் தமிழில் 'சுற்றிவளைப்பு' என்றால் ராணுவம் ஊரைச் சூழ்ந்து வீடு வீடாகத் தேடுவது. எழுதுபவரும் படிப்பவரும் வேறு வேறு கரையில் இருந்தால் குழப்பம் வரும்.

கடலில் செய்வது கடல் முற்றுகை அல்லது மறிப்பு. அறிவித்தால் மட்டும் போதாது, உண்மையிலேயே மறிக்கும் அளவுக்குக் கப்பல் நிறுத்தியிருந்தால்தான் அது செல்லும் என்று 1856 பாரிஸ் பிரகடனம் சொன்னது. மறிப்பு போர்ச்செயல் என்பதால், 1962 அக்டோபரில் கியூபாவைச் சுற்றி அமெரிக்கக் கப்பல்களை நிறுத்திய கென்னடி அந்தப் பெயரையே தவிர்த்துவிட்டு, நோய் பரவாமல் தனிமைப்படுத்துவதற்கு உள்ள 'குவாரன்டைன்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். பொருளாதாரத் தடை இவை எதிலும் சேராது. அது காகிதத்தில் போடுவது, கப்பல் நிறுத்திச் செய்வதல்ல.

போய் அடித்துவிட்டு உடனே திரும்பி வருவதற்கு என்ன சொல்?

வழக்கில் 'அதிரடித் தாக்குதல்' இருக்கிறது. 1976 ஜூலையில் இஸ்ரேலிய கமாண்டோக்கள் உகாண்டாவின் என்டபி விமான நிலையத்தில் இறங்கி, பணயக்கைதிகளை மீட்டுக்கொண்டு போனது நல்ல உதாரணம். ஆனால் தள்ளுபடி விற்பனை முதல் அமைச்சரின் அறிக்கை வரை எல்லாமே 'அதிரடி' ஆகிவிட்டதால் சொல் கொஞ்சம் தேய்ந்துபோயிற்று. 'ரெய்டு' என்று எழுதினால் வாசகருக்கு வருமான வரித்துறை நினைவுக்கு வரும். 'திடீர்த் தாக்குதல்' பரவாயில்லை, ஆனால் அது எதிர்பாராத எதையும் குறிக்கும். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகத்தில் நடந்தது திடீர்த் தாக்குதல், ஜப்பானிய விமானங்கள் அடித்துவிட்டுத் திரும்பின. 1941 ஜூன் 22 அன்று சோவியத் நாட்டின்மீது ஜெர்மனி தொடுத்ததும் திடீர்த் தாக்குதலே, ஆனால் அது திரும்பிப் போவதற்காக வரவில்லை. 'புகுந்து அடித்துவிட்டுத் திரும்பினர்' என்று வினையாகவே சொல்லிவிடுவது பல நேரம் எளிது.

வழியில் ஒளிந்திருந்து வருகிறவரை அடிப்பது பதுங்கித் தாக்குதல். இதை 'கோழைத்தனமான தாக்குதல்' என்று அரசுத் தரப்பு அறிக்கை விடும், அதை மேற்கோளில் போடுங்கள், உங்கள் குரலில் வேண்டாம். படைவீரரைப் படைவீரர் ஒளிந்திருந்து தாக்குவது போர்ச் சட்டப்படி குற்றமில்லை. சரணடைவதாக வெள்ளைக்கொடி காட்டிவிட்டுச் சுடுவதுதான் குற்றம்.

பதிலடி, எதிர்த்தாக்குதல், தற்காப்பு, முந்தித் தாக்குதல்: இவற்றை எப்படிப் பிரிப்பது?

எதிர்த்தாக்குதல் களத்தில் நடப்பது. முன்னேறி வந்தவனை நிறுத்தி, அதே களத்தில் திருப்பித் தள்ளுவது. 1943 ஜூலையில் கூர்ஸ்க்கில் ஜெர்மானியர் தாக்கினார்கள், தாங்கி நின்ற சோவியத் படை பிறகு எதிர்த்தாக்குதல் தொடங்கியது. பதிலடி வேறு. நேற்று நீ அங்கே அடித்தாய், இன்று நான் இங்கே அடிக்கிறேன் என்பது. பதிலடி என்ற சொல்லைப் போட்டதுமே முதல் அடி மற்றவருடையது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். எந்த அடிக்குப் பதில் என்று அதே பத்தியில் சொல்ல முடியாவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

தற்காப்பு ஐ.நா. சாசனத்தின் 51-வது பிரிவில் உள்ள உரிமை. ஆயுதத் தாக்குதல் நடந்தால் தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்கிறது. எல்லா நாடுகளும் தாங்கள் செய்வதைத் தற்காப்பு என்றே சொல்லும், ஆகவே 'தற்காப்புக்காக என்று அந்நாடு கூறியது' என்று எழுதுவதே முறை.

முந்தித் தாக்குதல்தான் வழுக்கும் இடம். எதிரி இதோ அடிக்கப் போகிறான் என்று முந்திக்கொள்வது ஒன்று. 1967 ஜூன் 5 அன்று எகிப்தின் விமானத் தளங்களை அடித்ததற்கு இஸ்ரேல் சொன்ன காரணம் இது. என்றாவது ஒருநாள் ஆபத்து வரலாம் என்று இன்றே அடிப்பது இன்னொன்று. 1981 ஜூன் 7 அன்று ஈராக்கின் ஒசிராக் அணு உலையை இஸ்ரேல் அழித்தது அந்த வகை. பாதுகாப்பு கவுன்சில் அதைக் கண்டித்தது. தமிழில் இரண்டையுமே 'முன்னெச்சரிக்கைத் தாக்குதல்' என்று எழுதிவிடுகிறார்கள். முன்னெச்சரிக்கை என்றால் மழைக்காலத்துக்கு வாய்க்கால் தூர்வாருவது போல ஒலிக்கிறது. முதலாவதை முந்தித் தாக்குதல் என்றும் இரண்டாவதை வருமுன் தடுக்கும் தாக்குதல் என்றும் பிரிக்கலாம். நீளம்தான், ஆனால் பொய் சொல்லாது.

'துல்லியத் தாக்குதல்' என்று எழுதலாமா?

2016 செப்டம்பர் 29 அன்று, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டித் தாக்கியதாக இந்திய ராணுவம் அறிவித்த பிறகு 'சர்ஜிகல் ஸ்டிரைக்' வீட்டுக்கு வீடு புழங்கும் சொல்லாகிவிட்டது. துல்லியத் தாக்குதல் அதற்குத் தமிழ். நிகழ்வின் பெயராக எழுதுவதில் தவறில்லை. ஆனால் துல்லியம் என்பது தாக்கியவர் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் மதிப்பெண். குறி பார்த்து அடிக்கும் ஆயுதம் என்பது ஒன்று, சரியான இலக்கை அடித்தது என்பது வேறு. தவறான தகவலை நம்பித் தவறான கட்டடத்தை இம்மி பிசகாமல் அடிக்க முடியும். 1999 மே மாதம் பெல்கிரேடில் சீனத் தூதரகத்தின்மீது அமெரிக்க விமானம் போட்டவை வழிகாட்டப்பட்ட குண்டுகள்தான். குறித்த இடத்தில்தான் விழுந்தன. பழைய வரைபடத்தை நம்பி இலக்கைத் தவறாகக் குறித்துவிட்டோம் என்று அமெரிக்கா விளக்கியது, சீனா அதை ஏற்கவில்லை.

போர்ச் சட்டத்தில் 'தாக்குதல்' என்றால் என்ன?

பலர் எதிர்பார்க்காத பதில் இது. 1977 கூடுதல் நெறிமுறையின் 49-வது பிரிவுப்படி, எதிரிக்கு எதிரான வன்செயல் எதுவும் தாக்குதல், அது முன்னேறிச் செய்தாலும் சரி, தற்காப்பில் செய்தாலும் சரி. பதுங்குகுழியில் இருந்துகொண்டு வருகிறவனைச் சுடுபவரும் சட்டத்தின் கண்ணில் 'தாக்குகிறார்'. காரணம் எளிது: பொதுமக்களைக் காக்கும் விதிகள் இரு தரப்புக்கும் சமமாகப் பொருந்த வேண்டும், நீ தொடங்கினாயா நான் தொடங்கினேனா என்ற வழக்கு அங்கே வேண்டாம். அமெரிக்காவும் இந்தியாவும் இந்த நெறிமுறையில் சேரவில்லை என்றாலும், பொதுமக்களைக் குறிவைக்கக் கூடாது என்ற அடிப்படை விதி எல்லோரையும் கட்டுப்படுத்தும் வழக்காறாகவே கருதப்படுகிறது.

அரசு 'நடவடிக்கை' என்று சொன்னால் நாமும் அப்படியே எழுதுவதா?

'நடவடிக்கை' அரசுகளுக்கு மிகப் பிடித்த சொல். 1948 செப்டம்பரில் ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் இந்திய ராணுவம் டாங்கிகளோடு போனது, பெயர் 'போலீஸ் நடவடிக்கை'. 1950-ல் கொரியாவைப் பற்றி நிருபர் ஒருவர் இதே சொல்லை எடுத்துக் கொடுக்க, அமெரிக்க அதிபர் ட்ரூமன் ஆமாம் என்றார். அது 3 ஆண்டுப் போராக நீண்டது. 2019 பிப்ரவரி 26 அன்று பாகிஸ்தானின் பாலகோட்டில் நடத்திய தாக்குதலை இந்திய வெளியுறவுத்துறை 'ராணுவம் சாராத', முந்திக்கொள்ளும் நடவடிக்கை என்றது. போனது விமானப்படை. ராணுவ இலக்கை அடிக்கவில்லை என்பது அதன் பொருள். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் போனதற்கு வைத்த பெயர் 'சிறப்பு ராணுவ நடவடிக்கை'. மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் அதை ஆக்கிரமிப்பு என்றன.

என் வழக்கம் இது: சூட்டிய பெயரை ஒருமுறை மேற்கோள் குறிக்குள் கொடுப்பேன், பிறகு நடந்ததை அதன் பெயரால் எழுதுவேன். நம் நாடு, அயல்நாடு என்று அளவுகோலை மாற்றாமல் இருப்பதுதான் கஷ்டம். 1961 டிசம்பரில் கோவாவில் நடந்தது நமக்கு விடுதலை, போர்ச்சுகலுக்குப் படையெடுப்பு. 'இந்தியப் படை கோவாவுக்குள் நுழைந்து போர்ச்சுகீசிய ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தது' என்றால் இரு தரப்பு வாசகரும் மறுக்க முடியாது.

இலங்கைத் தமிழில் வேறு சொற்கள் இருக்கின்றனவே?

நிறைய. பல ஆண்டுப் போருக்குள் வாழ்ந்த மக்களின் மொழி அது, நம்முடையதைவிட நுணுக்கமானது. சமர் (பெரும் சண்டை), வலிந்த தாக்குதல் (தானே முன்னேறிப் போய்த் தாக்குவது), ஊடறுப்பு (எதிரி வரிசையைப் பிளந்து போவது), முறியடிப்பு (வந்த தாக்குதலைத் தோற்கடிப்பது), கரந்தடி (ஒளிந்திருந்து அடிக்கும் கெரில்லாப் போர்) என்று எழுத்தில் ஒரு வரிசை. பேச்சில் 'செல் (எறிகணை) அடிக்கிறான்', 'பொம்பர் (குண்டுவீச்சு விமானம்) வருது', 'கிபிர் அடிச்சது'. கிபிர் என்பது 1990-களில் இலங்கை விமானப்படை வாங்கிய இஸ்ரேலியப் போர்விமானத்தின் பெயர். சத்தத்தை வைத்தே எது வருகிறது என்று தெரிந்துகொண்டு பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) ஓடியவர்கள், விமானத்தின் பெயரையே தாக்குதலுக்கும் பெயராக்கிவிட்டார்கள். அவர்கள் சொன்னதை மேற்கோள் காட்டும்போது 'போர் விமானம் தாக்கியது' என்று தயவுசெய்து திருத்தாதீர்கள்.

பழந்தமிழில் இத்தகைய சொற்கள் உண்டா?

உண்டு, அதுவும் வகைபிரித்து. பகைவரின் ஆநிரை கவர்வது வெட்சி, அதை மீட்பது கரந்தை, நாட்டின்மேல் படை கொண்டு செல்வது வஞ்சி, கோட்டையைச் சூழ்வது உழிஞை, உள்ளிருந்து காப்பது நொச்சி, இரு படையும் களத்தில் நேருக்கு நேர் பொருவது தும்பை. கரந்தை, நொச்சி இரண்டையும் தனித் திணையாகப் பிரித்தது பிற்கால இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலை, தொல்காப்பியத்தில் அவை வெட்சி, உழிஞைக்குள் அடக்கம். உழிஞையின் வேலையைத் தொல்காப்பியம் 'முற்றலும் கோடலும்' என்கிறது: சூழ்ந்துகொள்வது, பிறகு கைக்கொள்வது. நம் 'முற்றுகை'யின் வேர் அந்த முற்றல்தான்.

எனக்குப் பிடித்தது 'எருமை மறம்'. படை உடைந்து ஓடும்போது, ஒருவன் மட்டும் பின்னால் நின்று துரத்தி வருகிறவர்களைத் தடுக்கும் நிலை. படையின் முன்பகுதிக்குத் தூசி, பின்பகுதிக்குக் கூழை என்றும் பெயர் இருந்தது. இன்றைய செய்தியில் இவற்றைப் போடச் சொல்ல மாட்டேன். 'முன்னணிப் படை' எழுதினால் போதும்.

'உயிரிழந்தனர்', 'கொல்லப்பட்டனர்', 'பலி', 'வீரமரணம்': எது சரி?

தாக்கிச் சாகடித்திருந்தால் 'கொல்லப்பட்டனர்'. 'உயிரிழந்தனர்' பொய்யில்லை, ஆனால் காய்ச்சலிலும் உயிரிழக்கலாம். 'பலி' தலைப்பில் இடம் மிச்சம் பிடிக்கும், அதற்காக மட்டுமே நிலைத்திருக்கிறது. 'வீரமரணம்' இரங்கலுக்கு உரியது, 'தீர்த்துக்கட்டினர்', 'வேட்டையாடினர்' எதற்குமே உரியதல்ல. கவனித்துப் பாருங்கள், ஒரே செய்தியில் நம் பக்கத்தவர் வீரமரணம் அடைவார்கள், எதிர்ப் பக்கத்தவர் சுட்டு வீழ்த்தப்படுவார்கள், நடுவில் மாட்டியவர்கள் 'உயிரிழப்பு' என்ற எண்ணாகிவிடுவார்கள்.

இதோடு 'தாக்குதல் நடத்தப்பட்டது' என்ற செயப்பாட்டு வினையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாக்கியது யார் என்று தெரிந்திருந்தால் எழுவாயை முன்னால் வையுங்கள், வாக்கியமும் சுருங்கும்.

இணையத் தாக்குதலும் ராணுவத் தாக்குதலா?

விளைவைப் பொறுத்தது. 2007-ல் எஸ்தோனியாவின் வங்கி, அரசு, ஊடகத் தளங்களை முடக்கியது பெரும் தொல்லை, ஆனால் எந்தக் கட்டடமும் இடியவில்லை. 2010-ல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினி நச்சுநிரல், ஈரானின் நதான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களையே தாறுமாறாகச் சுழலவிட்டுப் பழுதாக்கியது. இரண்டாவதைத் தாக்குதல் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. கடவுச்சொல் திருட்டையும் தகவல் கசிவையும் ஊடுருவல் அல்லது திருட்டு என்று எழுதினால் போதும்.